கோலம் போடத் தெரிந்த பிள்ளைக்கு எக்செல் பாதி தெரியும்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். மார்கழியும் அரையாண்டு விடுமுறையும் சேர்ந்து வருகின்றன. அதற்குள் சொல்லிவிட்டால் உங்களில் நாலு பேராவது செய்து பார்ப்பீர்கள் என்று ஓர் ஆசை. பொறுமையாகப் படியுங்கள். வகுப்பில் என்னிடம் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே நீங்கள்!

என்னிடம் இருக்கும் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கடைசிப் பாடம், 23-ஆவது பாடம், ‘லிப்ரே ஆபீஸ் கால்க்’. எக்செல் மாதிரியேதான், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டாம். அளவீட்டியலில் தொடங்கி, விசை, ஒளி, வெப்பம், அணு அமைப்பு, நுண்ணுயிரிகள், தாவர உலகம் என்று எல்லாம் முடிந்த பிறகு இது வருகிறது. புத்தகத்தின் கடைசிப் பாடத்துக்கு என்ன கதி என்று ஆசிரியராக இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழு ஆண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம், வேகவேகமாக, கேள்வி பதிலாக ஓடும். ‘விரிதாள் என்றால் என்ன? நுண்ணறை என்றால் என்ன? இரண்டு வரிகளில் விடை தருக.’ பிள்ளைகளும் எழுதிவிடுகிறார்கள். நெடுவரிசையும் கிடைவரிசையும் சந்திக்கும் இடம் நுண்ணறை. முழு மதிப்பெண்.

என் தங்கை பேத்தியும் அப்படித்தான் எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். மடிக்கணினியைத் திறந்து கொடுத்து, ‘உன் ஐந்து பாட மார்க்கையும் இதில் போட்டுக் கூட்டு கண்ணு’ என்றேன். ஐந்து எண்ணையும் கட்டத்தில் தட்டினாள். பிறகு கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறந்து கூட்டி, வந்த விடையை ஆறாவது கட்டத்தில் தட்டினாள். அவள் மேல் குற்றமே இல்லை. அந்தக் கட்டங்கள் எதற்கு இருக்கின்றன என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை.

என் கட்சி இதுதான். விரிதாளைப் பிள்ளைகளுக்குச் சம்பளப் பட்டியலிலோ மார்க் பட்டியலிலோ தொடங்கக் கூடாது. படத்தில் தொடங்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோலத்தில் தொடங்கலாம், சுங்குடிச் சேலையின் புள்ளியில் தொடங்கலாம், கோரைப்பாயின் கட்டத்தில் தொடங்கலாம். ஆனால் படத்தோடு நிறுத்தவும் கூடாது. இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

(இனிமேல் நுண்ணறையைக் கட்டம் என்றே சொல்கிறேன். பாடநூல் குழுவினர் மன்னிக்க. ஏ, பி, சி என்று எழுதுவதெல்லாம் திரையில் ஆங்கில எழுத்தாக இருக்கும்.)

முதலில் முகவரி. ஒரு கட்டத்துக்கு ‘டி5’ என்று பெயர் என்றால் பிள்ளைக்கு அது மனப்பாடம் செய்யும் விஷயமாகிவிடுகிறது. மதுரைப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லத் தேவையே இல்லை. ஒரு தாளை எடுத்து மேலே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஐந்து பெயர்களை எழுதுங்கள். பக்கவாட்டில் கீழ, தெற்கு, மேல, வடக்கு என்று நான்கு. இருபது கட்டம் கிடைக்கும். மாசியிலிருந்து இறங்கி, மேல என்பதிலிருந்து நேராக வந்தால் சந்திக்கும் இடம் மேல மாசி வீதி. ஆவணி மூலத்தில் இறங்கித் தெற்கில் திரும்பினால் தெற்கு ஆவணி மூல வீதி. ஊரே கோயிலைச் சுற்றி ஒரு விரிதாளாக உட்கார்ந்திருக்கிறது! மாரட் வீதியையும் பெருமாள் மேஸ்திரி வீதியையும் எங்கே வைப்பது என்று ஒரு பொடியன் கேட்டான். அவை கோட்டைச் சுவரை இடித்த பிறகு வந்தவை, நம் அட்டவணைக்குள் அடங்காது என்றேன். ‘அப்ப இன்னொரு ஷீட் போடணும் டீச்சர்’ என்றான். சரிதானே?

முகவரி புரிந்துவிட்டால் அடுத்தது கட்டத்தைச் சதுரமாக்குவது. திறந்தவுடன் கட்டங்கள் நீள்சதுரமாக இருக்கும், கோலம் படுத்துவிடும். முழுத் தாளையும் தேர்ந்தெடுத்து அகலத்தையும் உயரத்தையும் ஒன்றாக்க வேண்டும். கால்க்கில் இரண்டையும் அரை சென்டிமீட்டர் என்று கொடுத்தால் முடிந்தது. எக்செல்லில் அகலத்துக்கு ஓர் அளவு, உயரத்துக்கு வேறு அளவு. அதனால் ஒரே எண்ணைக் கொடுத்தால் சதுரம் வராது. கோட்டைப் பிடித்து இழுக்கும்போது பிக்சல் கணக்கு காட்டும், அதைப் பார்த்து இரண்டையும் 20 பிக்சலுக்குக் கொண்டுவந்தால் போதும். இந்த ஒரு வேலையிலேயே தேர்ந்தெடுப்பது, அகலம் மாற்றுவது, தவறினால் பின்வாங்குவது எல்லாம் கைக்கு வந்துவிடும். தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் புள்ளி. ‘15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி’ என்று நம் வீடுகளில் சொல்வோமே, அதை எடுத்துக்கொண்டோம். ஊடுபுள்ளி என்றால் மேல் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே கீழ் வரிசையின் புள்ளி வர வேண்டும். கட்டத்தில் அதை எப்படிப் போடுவது? பிள்ளைகளையே யோசிக்கவிட்டேன். ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் புள்ளி வைத்து, அடுத்த வரிசையில் ஒரு கட்டம் தள்ளித் தொடங்கினால் சரியாக வரும். நடு வரிசையில் 15 புள்ளிக்கு 29 கட்டம் வேண்டும். முதல் வரிசையின் 8 புள்ளி எச்1-இல் தொடங்கும், இரண்டாம் வரிசையின் 9 புள்ளி ஜி2-இல் தொடங்கும், இப்படியே இறங்கி எட்டாம் வரிசை ஏ8-இல் வந்து முட்டும். பிறகு திரும்ப உள்ளே போகும்.

புள்ளி வைக்கும் கட்டத்தில் நிறத்தை ஊற்றச் சொல்லவில்லை. 1 என்று தட்டச் சொன்னேன். ‘கட்டத்தில் 1 இருந்தால் வெள்ளையாக்கு’ என்று ஒரு விதியை முழுத் தாளுக்கும் முதலிலேயே போட்டுவைத்துவிட்டேன் (கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்று மெனுவில் இருக்கும்). தாள் முழுக்கக் காவி நிறம், செம்மண் பூசின வாசல் மாதிரி. 1 தட்டினால் மாவுப் புள்ளி விழுகிறது. இதில்தான் எல்லாச் சூட்சுமமும் இருக்கிறது. நிறத்தைக் கையால் பூசினால் அது வெறும் படம். எண்ணைத் தட்டி, எண்ணுக்கு நிறம் வரும்படி செய்தால் அது படமாகவும் இருக்கிறது, கணக்காகவும் இருக்கிறது.

எப்படிக் கணக்கு? மொத்தம் எத்தனை புள்ளி என்று கேட்டேன். ஒரு குழு பக்கத்தில் 8, 9, 10 என்று 15 வரை ஏறி, மறுபடி 8 வரை இறங்கி, 15 எண்களை ஒரு வரிசையாக எழுதி, ‘சம்’ போட்டுக் கூட்டியது. இன்னொரு குழு கோலம் இருக்கும் பகுதி முழுவதையும் தேர்ந்தெடுத்து ‘சம்’ போட்டது, ஒவ்வொரு புள்ளியும் 1 தானே! முதல் குழுவுக்கு 169. இரண்டாம் குழுவுக்கு 168. உடனே சண்டை. ‘உங்க கோலத்துல ஒரு புள்ளி காணோம்’ என்று தேடி, பதினோராம் வரிசையில் விட்டுப்போன புள்ளியைக் கண்டுபிடித்தார்கள். ஒரே கணக்கை இரண்டு வழியில் போட்டுச் சரிபார்ப்பது கணக்கப்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்கிற வேலை. அதை நான் அங்கே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்னும் ருசியான பகுதி இனிமேல்தான்.

டான் பிரிக்லின் என்ற மாணவர் 1978-இல் அமெரிக்காவில் ஹார்வர்டில் வணிகம் படித்துக்கொண்டிருந்தார். வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டுக் கணக்கு எழுதுவார். ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து மறுபடி எழுத வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்றவை தாமாக மாறும் கரும்பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று அவர் யோசித்ததில் பிறந்ததுதான் விசிகால்க். நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து எழுதி 1979-இல் விற்பனைக்கு வந்தது. இன்றைய எக்செல்லுக்கும் கால்க்குக்கும் அதுதான் பாட்டி. சாக்பீஸ் தூசியில் ஆயுளைக் கழித்த எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

‘ஒன்றை மாற்றினால் மற்றவை மாறும்.’ விரிதாளின் உயிர் இதில்தான். கூட்டல் கழித்தலுக்குக் கால்குலேட்டர் போதும், பட்டியல் எழுத நோட்டு போதும். என் தங்கை பேத்திக்குத் தெரியாமல் போனது இந்த ஒன்றுதான். மார்க் பட்டியலில் இதைக் காட்டினால் 412 என்பது 417 ஆகும். பிள்ளை ‘ம்’ என்று கொட்டாவி விடும். கோலத்தில் காட்டினால்?

ஒன்பதுக்கு ஒன்பது கட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ முதல் ஐ வரை, 1 முதல் 9 வரை. நடு நெடுவரிசை இ, நடுக் கிடைவரிசை 5. இடது மேல் மூலையில் ஐந்துக்கு ஐந்து, அதாவது 25 கட்டத்தில் மட்டும் பிள்ளை இஷ்டம்போல 1 தட்டலாம். மீதி 56 கட்டத்தில் ஒன்றுமே தட்டக் கூடாது, ‘சமம்’ மட்டும்தான். எஃப்1-இல் ‘=டி1’. ஜி1-இல் ‘=சி1’. எச்1-இல் ‘=பி1’. ஐ1-இல் ‘=ஏ1’. இந்த நான்கையும் பிடித்து ஐந்தாம் வரிசை வரை கீழே இழுத்தால் வலது பாதி கண்ணாடி பார்த்ததுபோல வந்துவிடும். பிறகு ஏ6-இல் ‘=ஏ4’ என்று போட்டு ஐ வரை வலப்பக்கம் இழுப்பது, ஏ7-இல் ‘=ஏ3’ என்று போட்டு இழுப்பது, இப்படி ஒன்பதாம் வரிசை வரை. முடிந்த பிறகு மூலையில் ஒரு 1 தட்டினால் நான்கு மூலையிலும் புள்ளி விழுகிறது. அதை அழித்தால் நான்கும் மறைகின்றன. அன்றைக்கு என் வீட்டு முன்னறையில் எழுந்த கூச்சலுக்குப் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

இதில் ஒரு பையன் அவசரப்பட்டான். ‘எதுக்கு நாலு தடவை எழுதணும்? எஃப்1-ஐயே பிடிச்சு வலப்பக்கம் இழுத்தா வந்துரும்’ என்று இழுத்துவிட்டான். வந்தது, ஆனால் கோலம் கோணிக்கொண்டு வந்தது. ஜி1-ஐத் தட்டிப் பார்த்தால் ‘=சி1’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘=இ1’ என்று இருக்கிறது. வலப்பக்கம் இழுத்தால் முகவரியும் வலப்பக்கமே நகரும், கண்ணாடிக்கு அது இடப்பக்கம் நகர வேண்டும். கீழே இழுத்தபோது சரியாக வந்தது ஏன், பக்கவாட்டில் இழுத்தால் தவறியது ஏன் என்று அவனே ஐந்து நிமிடம் விரல் வைத்து எண்ணிக் கண்டுபிடித்தான். எந்தப் பாடத்திலும் பத்துப் பக்கம் எழுதினாலும் இது இப்படிப் பதியாது.

அலுவலகங்களில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்களுக்கு இந்தப் பிழை நன்றாகத் தெரியும். இழுத்துவிட்ட ஃபார்முலா தப்பான கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், பட்டியல் பார்க்க அழகாக இருக்கும், ஆடிட்டர் வரும்வரை யாருக்கும் தெரியாது. எண்ணில் செய்த தப்பு ஒளிந்துகொள்ளும். கோலத்தில் செய்த தப்பு வாசலில் நின்று கத்தும். பிள்ளைகளுக்குப் படத்தில் தொடங்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்கு முதல் காரணம் அழகோ பொழுதுபோக்கோ இல்லை, இதுதான்.

இரண்டாவது காரணம் மவுஸ் யார் கையில் இருக்கிறது என்பது. மூன்று பேருக்கு ஒரு கணினி என்று உட்காரவைத்தால், வீட்டில் கணினி இருக்கிற பிள்ளை கையில் மவுஸ் போய்விடும். பெரும்பாலும் அது பையனாக இருக்கும். மற்ற இருவரும் பார்வையாளர்கள். பாட வேளை முடியும்போது மூவருக்கும் ‘கணினி வகுப்பு நடந்தது’ என்று பதிவேட்டில் ஏறும். கோலம் என்று சொன்ன மாத்திரத்தில் இது தலைகீழானதை நான் பார்த்தேன். புள்ளி எங்கே தொடங்க வேண்டும், எத்தனை தள்ள வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவள் பின்வரிசைப் பெண். ‘அங்க இல்லடா, ஒரு கட்டம் தள்ளி’ என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவளே மவுஸை வாங்கிக்கொண்டாள். ‘எனக்குக் கம்ப்யூட்டர் வராது டீச்சர்’ என்று முதல்நாள் சொன்னவள் அவள்தான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கோலம் எல்லார் வீட்டுப் பழக்கமும் இல்லை. என்னிடம் வந்தவர்களில் இஸ்லாமியப் பிள்ளைகள் இருந்தார்கள், கிறித்தவப் பிள்ளைகள் இருந்தார்கள். எனவே கோலம்தான் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒருத்தி பாட்டியின் சுங்குடிச் சேலையைக் கொண்டுவந்து புள்ளி எண்ணினாள். ஒருவன் வீட்டுத் தரையின் டைல்ஸ். ஒருவன் அலங்காநல்லூர்க் காளை, திமிலோடு, கட்டம் கட்டமாக. பார்த்தால் எருமை மாதிரிதான் இருந்தது, சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. சிக்குக்கோலம் கட்டத்துக்குள் வராது, வளைவுக் கோட்டுக்குக் கட்டம் இடம் கொடுக்காது. அதைப் புள்ளி மட்டும் வைத்துப் பிரிண்ட் எடுத்துக் கையால் போடச் சொன்னேன்.

பெருக்கல் வாய்ப்பாட்டுக் கோலத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. கணக்கு டீச்சர் ஆயிற்றே! ஒவ்வொரு கட்டத்திலும் அதன் வரிசை எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் பெருக்கி, 7-ஆல் வகுத்த மீதியை எழுதச் சொல்லும் ஒரே ஃபார்முலா. ‘மாட்’, ‘ரோ’, ‘காலம்’ என்று மூன்று சொற்கள் போதும். அதை இருபதுக்கு இருபது இழுத்துவிட்டு, 0 முதல் 6 வரை ஏழு எண்ணுக்கு ஏழு நிறம் கொடுங்கள். ஜமுக்காளம் விரித்ததுபோல வந்து நிற்கும். ஏழாம் வரிசை முழுக்க ஒரே நிறத்தில் பார்டர் கட்டும், பதினான்காவதும் அப்படியே. இப்போது 7-ஐ 6 ஆக்கினால் பார்டர் ஆறாம் வரிசைக்கு வருவதோடு, பார்டருக்கு உள்ளேயும் பூஜ்யப் புள்ளிகள் முளைக்கும். 7-இல் உள்ளே ஏன் வரவில்லை? 5-க்கு வருமா? 11-க்கு? 9-க்கு? பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, ‘சில நம்பருக்கு உள்ள சுத்தமா இருக்கு டீச்சர்’ என்றார்கள். அந்தச் ‘சுத்தமான’ எண்களைப் பலகையில் எழுதச் சொன்னேன். 2, 3, 5, 7, 11, 13. பகா எண்களை முப்பது வருடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் என்னைக் கேட்காமல் தாங்களாகவே அதன் வாசலுக்கு வந்து நின்றது அன்றுதான்.

விரிதாளில் படம் என்றதும் சிலர் எனக்கு ஜப்பான் பெரியவர் தட்சுவோ ஹோரியுச்சியின் ஓவியங்களை அனுப்புகிறீர்கள். பணி ஓய்வுக்குப் பிறகு, ஓவிய மென்பொருளுக்குச் செலவு செய்ய மனமில்லாமல், எக்செல்லிலேயே செர்ரிப் பூவும் மலையும் வரைந்தவர். என் போன்ற ஓய்வுபெற்றவர்களுக்கு அவர் பெரிய உற்சாகம்தான். ஆனால் அவர் பயன்படுத்துவது எக்செல்லில் உள்ள வடிவம் வரையும் கருவிகளை. கட்டங்களுக்கும் அந்த ஓவியத்துக்கும் சம்பந்தமில்லை. அதைக் கட்டத்தில் படம் போடும் வகுப்போடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கட்டத்துக்கு நிறம் பூசி மயில் வரையச் சொல்லிப் பரிசு கொடுக்கும் வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். பிள்ளை சந்தோஷமாகப் போகிறது, ஆனால் ‘சமம்’ என்ற குறியையே தொடாமல் போகிறது. பெயிண்ட் மென்பொருளில் செய்ய வேண்டியதைச் சிரமப்பட்டு இங்கே செய்ததுதான் மிச்சம். கணிதக்காரர் மாட் பார்க்கர் செய்வது வேறு மாதிரி. ஒரு போட்டோவை விரிதாளாக்கி, ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று 0 முதல் 255 வரையிலான மூன்று எண்கள்தான் என்று கட்டத்தில் காட்டிவிடுவார். தன் முகம் எண்களாக இருப்பதைப் பார்த்த பிள்ளை கைப்பேசிக் கேமராவை மறுபடி பழைய கண்ணோடு பார்க்காது.

கோலமும் கணினியும் என்பது நான் கண்டுபிடித்த ஜோடி இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, அவர் துணைவியார் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இலேயே கோலத்தைப் பற்றி உலகத் தரமான கணினி ஆய்விதழில் கட்டுரை எழுதினார்கள். ஒரு மொழிக்கு இலக்கண விதி இருப்பதுபோலக் கோலத்துக்கும் விதி எழுதலாம், அந்த விதியைப் பின்பற்றிச் சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் வளரும் என்று காட்டினார்கள். விசிகால்க் வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு! நம் வாசலில் தினமும் மிதித்துக் கடக்கும் விஷயத்தை அவர்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். நாம் வகுப்பறைக்குக்கூடக் கொண்டுவராமல் இருக்கிறோம்.

பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் என் அண்ணன் மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘எதுக்கு அத்தை இந்த மெனக்கெடல்? பைத்தான் சொல்லிக் கொடுங்க. இல்லாட்டி ஏஐ-கிட்ட கேட்டா அதுவே அட்டவணை போட்டுத் தரும்’ என்றான். அவன் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. வசதியிருக்கிற பிள்ளை பைத்தானே படிக்கட்டும், எனக்கென்ன? ஆனால் அவனுக்கு நான் ஒரு பிள்ளையின் கதையைத்தான் பதிலாகச் சொன்னேன்.

மேலே சொன்ன, மவுஸை வாங்கிக்கொண்ட பெண்ணின் அப்பா கொஞ்ச நிலத்தில் மல்லிகை போட்டிருக்கிறார். விடியுமுன் பறித்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போகும். கமிஷன் கடையில் எடை, அன்றைய விலை, பிடித்தம் எழுதி ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். மல்லிகை விலை தெரியும்தானே, முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை. சீட்டுகளை அவர் ஓர் ஆணியில் குத்தி வைப்பார், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோலம் முடிந்த வாரம் அவள் அந்தச் சீட்டுக்கற்றையைக் கொண்டுவந்தாள். ‘இதையும் கட்டத்துல போடலாமா டீச்சர்?’

போட்டாள். தேதி, எடை, விலை, சீட்டில் உள்ள தொகை. எடையையும் விலையையும் பெருக்கி, நூற்றுக்குப் பத்துப் பிடித்தம் போக எவ்வளவு என்று ஐந்தாம் நெடுவரிசையில் ஃபார்முலா எழுதிக் கீழே இழுத்தாள். இழுத்தால் முகவரி எப்படி நகரும் என்று அவளுக்கு இப்போது நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு என்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்தாள். சீட்டுத் தொகையும் தன் தொகையும் ஒன்றாக இல்லாவிட்டால் கட்டம் சிவப்பாக வேண்டும் என்று விதி போட்டாள். கோலத்துக்குப் போட்ட அதே விதிதான், நிறம்தான் வேறு. இருபத்தைந்து வரிசையில் ஒன்று சிவந்தது. 3.4 கிலோ, கிலோ 600 ரூபாய். 2,040-இல் 204 போனால் 1,836 வர வேண்டும். சீட்டில் 1,796. அப்பா சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். கடைக்காரரும் பார்த்துவிட்டு, கை தவறிவிட்டது என்று அடுத்த சீட்டில் 40 ரூபாயைச் சேர்த்துக் கொடுத்தார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. இப்போது சீட்டுகள் ஆணிக்குப் போவதற்கு முன் அவளிடம் போகின்றன. அவள் அம்மாவின் மகளிர் குழுவிலும் கடன் தவணைக் கணக்கை இவளைப் பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறார்களாம்.

ஏஐ அட்டவணை போட்டுத் தரட்டும். அது போட்டுத் தந்ததில் எந்தக் கட்டம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆள் பெங்களூரில் மட்டும் இருந்தால் போதாது, ஒத்தக்கடையிலும் உசிலம்பட்டியிலும் இருக்க வேண்டும். அண்ணன் மகன் இதற்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் தன் பழைய மடிக்கணினி ஒன்றை அனுப்பிவைத்திருக்கிறான். பதில் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

பள்ளியில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழாம் வகுப்பில் டக்ஸ் பெயிண்ட் வைத்துப் படம் போடுகிறார்கள், எட்டில் கால்க் வருகிறது. முதலாவது விளையாட்டு, இரண்டாவது பாடம் என்று நடுவில் சுவர் நிற்கிறது. ஏழாம் வகுப்பிலேயே இரண்டு வேளை கால்க்கைத் திறந்து கோலம் போடவிட்டால் அந்தச் சுவர் விழுந்துவிடும். எட்டாம் வகுப்பில் 23-ஆவது பாடத்தைக் கடைசியில் நடத்தாமல் ஜூலையில் நடத்துங்கள். பிறகு வருகிற அளவீட்டுக்கும் வெப்பத்துக்கும் பயிர்ப் பெருக்கத்துக்கும் அட்டவணையை அதிலேயே போடலாம். தேர்விலும் ‘நுண்ணறை என்றால் என்ன’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ஓர் அச்சிட்ட ஒன்பதுக்கு ஒன்பது கட்டத்தைக் கொடுத்து, ‘ஜி3-இல் என்ன எழுதினால் கோலம் சமச்சீராகும்’ என்று கேளுங்கள். அதற்குக் கணினிகூட வேண்டாம்.

வீட்டில் கணினி இல்லையே என்பவர்களுக்கு: சின்ன வகுப்புக் கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். மேலே ஏ, பி, சி, பக்கத்தில் 1, 2, 3. ஒரு பிள்ளை கால் பகுதியை நிரப்ப, இன்னொரு பிள்ளை முகவரியை மட்டும் கேட்டு மீதியை நிரப்பலாம். அக்கா தம்பி இருந்தால் போதும், சாயங்காலம் போய்விடும். நான் நடத்தியதும் பெரிய ஏற்பாடு இல்லை. 2011-இல் அரசு தொடங்கிய விலையில்லாத் திட்டத்தில் உறவுக்காரப் பெண்ணுக்குக் கிடைத்த பழைய மடிக்கணினி ஒன்று, என்னுடையது ஒன்று, ஒன்பது பிள்ளைகள், பத்து நாள். மின்சாரம் போனபோதெல்லாம் நோட்டுதான்.

இந்த அரையாண்டு விடுமுறையில் மறுபடி நடத்துகிறேன். காலை பத்து மணிக்கு, பிள்ளைகளை அனுப்ப நினைப்பவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது. வெளியூர், வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்கள் உங்கள் பிள்ளைகளை உட்காரவைத்து 9-க்கு 9 கோலத்தைப் போடவைத்து எனக்கு அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், கோப்பையே அனுப்புங்கள். ஒவ்வொரு கட்டமாகத் தட்டி, உள்ளே ‘சமம்’ இருக்கிறதா, கையால் பூசியிருக்கிறதா என்று பார்ப்பேன்.